கேஸ் பேப்பரில் ஓர் இல்லை

மங்கல் தாயி மட்டும் அன்றைக்குக் கூட வராமல் இருந்திருந்தால் சாவித்ரி உண்மையைச் சொல்லியிருப்பாள். ஆனால் மங்கல் வந்திருக்காவிட்டால், அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் கேஸ் பேப்பர் எடுப்பது, எந்த வரிசையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிற்பது என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்காது. நல்லவர்கள் செய்யும் உதவியாலும் ஒரு குடும்பம் கெடும். இதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

அது தொண்ணூற்றாறாம் வருஷம். ராஜஸ்ரீக்கு ஆறு வயது. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் நிறைமாதக்காரியைப்போல. அடிக்கடி மூக்கில் ரத்தம் வரும். முழங்கால் வலிக்கிறதென்று அழுவாள். அவளுக்கு முன்னால் பிறந்த வசந்தகுமாருக்கும் இதே வயிறு, இதே மூக்கு. ஏழு வயதில் போய்ச் சேர்ந்தான். மலேரியா என்று எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் அதை நம்பினார்கள், நம்பாமல் என்ன செய்வது?

பூனாவின் போபோடிச் சந்தில் அடுத்த கதவுக்காரி மங்கல். சாவித்ரியின் புருஷன் கோவிந்தராஜன் வேலை பார்த்த அதே பீரங்கிக் குண்டுத் தொழிற்சாலையில்தான் அவள் புருஷனுக்கும் வேலை. ராஜஸ்ரீ என்று பிள்ளைக்குப் பெயர் வைத்ததே மங்கல்தான். பிள்ளைக்கு உடம்பு தேறவேண்டும் என்று செவ்வாய்க்கிழமைகளில் உபவாசம் இருப்பவளும் அவள்தான். சாவித்ரிக்கு ரேஷன் கடைப் பலகையைக் காட்டி மராட்டி எழுத்தைச் சொல்லிக்கொடுத்தவளும் அவளே. அரிசி, கோதுமை, சர்க்கரை, மண்ணெண்ணெய் என்று வரிசையாக எழுதி எதிரே இருப்பைப் போட்டிருப்பார்கள். பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் இருக்கும்: நிரங்க். ஒன்றும் இல்லை என்பதற்கு அந்த ஊர் ஆபீஸ் வார்த்தை அது. சாவித்ரி முதலில் படிக்கக் கற்றுக்கொண்டது அதைத்தான்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் டாக்டர் தலை நிமிராமல் மராட்டியில் கேட்டார். பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்பே உறவா? சாவித்ரிக்குப் புரிந்துவிட்டது. இருந்தாலும் மங்கல் ஒருமுறை அதை இந்தியில் திருப்பிச் சொன்னாள். பின்னால் வரிசையில் முப்பது பேர் நின்றார்கள்.

விஷயம் இதுதான். கோவிந்தராஜன் சாவித்ரிக்குத் தாய்மாமன். அம்மா கோதையின் கூடப்பிறந்த தம்பி. குடியாத்தம் பக்கத்தில் இது ஒரு விஷயமே இல்லை. அக்காள் மகளுக்கு மாமன் இருக்க வேறு மாப்பிள்ளை தேடினால்தான் ஊரில் நாலு பேர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள். ஆனால் பூனா வேறு. மாமன் மகளைக் கட்டுவது மங்கலின் ஜனங்களிலும் உண்டு, அதை அவளே பெருமையாகச் சொல்வாள். மாமனையே கட்டுவதென்றால் அவர்களுக்குக் காது கூசும். மாமன் அப்பாவுக்குச் சமம்.

தொழிற்சாலையில் சந்தானம் என்று ஒரு பழைய ஆள் இருந்தார். அவர் மனைவி அக்காள் மகள் என்பது எப்படியோ வெளியே வந்து, கான்பூர்க்காரன் ஒருவன் அவருக்கு 'பாஞ்சிவாலா' என்று பெயர் வைத்தான். பாஞ்சி என்றால் அக்காள் மகள். ரிடையர் ஆகி மாலை போட்ட அன்றைக்கும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சிரித்தார்கள். அதைக் கண்ணால் பார்த்த கோவிந்தராஜன், எண்பத்திரண்டில் புதுப்பெண்ணை ரயிலில் கூட்டிவரும்போதே, தௌண்டு ஸ்டேஷன் தாண்டியதும் சொல்லிவிட்டார்.

"இங்க யாராண்டயும் நம்ம ஒறவு இன்னான்னு சொல்லாத. வெளியில என்னை மாமான்னும் கூப்புடாத."

அன்றிலிருந்து வெளியே அவர் 'ஏங்க' ஆனார். அம்மா கோதை ஊரிலிருந்து வந்தால் இன்னும் கூத்து. கோவிந்தராஜன் பழக்கத்தில் "அக்கா, காபி குடிச்சியா" என்று கேட்டுவிட்டார். மராட்டியிலும் அக்காவுக்கு அக்காதான். மாமியாரை ஏன் அக்கா என்கிறாய் என்று மங்கல் கேட்க, எங்கள் ஊரில் மரியாதைக்கு அப்படித்தான் கூப்பிடுவோம் என்று சமாளித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். அந்தச் சந்தில் இன்னும் நாலு தமிழ்க் குடும்பம் இருந்தது. அவற்றில் இரண்டில் இதே பூசணிக்காய்தான், அவரவர் சோற்றுக்கடியில்.

ஆக, டாக்டர் கேட்டபோது சாவித்ரி மங்கலின் முகத்தைப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமை உபவாசக்காரி. இனி இவள் வீட்டில் அவள் தண்ணீர் குடிப்பாளா?

"நஹி," என்றாள் சாவித்ரி.

மங்கல் அதோடு விடவில்லை. இவர்கள் நல்ல குடும்பம் சாஹேப், அந்த மாதிரி இல்லை என்று தன் பங்குக்கும் ஒரு வரி சேர்த்தாள். டாக்டர் கட்டத்தில் ஒரு சுழி போட்டார்.

அந்தச் சுழி மூன்று வருஷம் பிள்ளையோடு நடந்தது. ஒரு டாக்டர் எழுதியதை அடுத்த டாக்டர் பார்த்து எழுதுவார். உறவில் கல்யாணம் இல்லை, மூத்த பிள்ளை மலேரியாவில் செத்தது என்று ஒவ்வொரு கேஸ் பேப்பரிலும் அந்த இரண்டு வரியும் மாறாமல் வந்தன. அந்த வரிகள் இருந்ததால் பரம்பரை நோய் என்ற யோசனையே யாருக்கும் வரவில்லை. மலேரியா மருந்து கொடுத்தார்கள், இரும்புச் சத்து டானிக் கொடுத்தார்கள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்பது மாதம் டி.பி. மாத்திரை கொடுத்தார்கள். கடைசியில் மண்ணீரலை வெட்டி எடுத்தார்கள். வயிறு சிறுத்தது. மங்கல் சந்து முழுக்கப் பேடா கொடுத்தாள்.

வெட்டியெடுத்த மண்ணீரலைக் கண்ணாடிக்கடியில் வைத்துப் பார்த்த ஒருவருக்குத்தான் சந்தேகம் வந்தது. ரத்தத்தைப் பம்பாய்க்கு அனுப்பினார்கள். உடம்பில் ஒரு கொழுப்பைக் கரைக்கவேண்டிய சத்து இந்தப் பிள்ளைக்குப் பிறவியிலேயே இல்லை, கரையாத கொழுப்பு மண்ணீரலிலும் எலும்பிலும் போய் அடைகிறது என்று பதில் வந்தது. நோய்க்கு ஒரு பிரெஞ்சு டாக்டரின் பெயர். கோவிந்தராஜன் அதைக் கடைசிவரை மூன்று விதமாகச் சொன்னார். மருந்து இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி, ஆயுள் முழுக்க. விலையைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். அழவேண்டிய இடத்தில் சிரிப்பது அவர் வழக்கம்.

இரண்டாயிரத்தில் டாக்டர் ராஜி வந்தாள். மெட்ராஸ்காரி, முப்பது வயதுக்குள். இந்த மாதிரி அபூர்வ நோய்களை ஆராய்வதற்கென்று ஆஸ்பத்திரியில் மூன்று வருஷத்துக்கு ஒரு பிரிவு தொடங்கியிருந்தார்கள், அதில் தற்காலிக வேலை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று நாடு முழுக்கச் சில குழந்தைகளுக்கு இந்த மருந்தை இலவசமாகக் கொடுக்கப்போகிறது, யாருக்கு என்று பம்பாயில் ஒரு குழு கூடி முடிவு செய்யும், ராஜஸ்ரீக்கு வாய்ப்பு உண்டு என்று சொன்னதும் அவள்தான். எழுதி அனுப்பத்தான் சாவித்ரியைத் தனியாக உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள். நாலு வருஷத்தில் அவளுக்காக ஒரு கதவைச் சாத்தியவள் அவள் ஒருத்திதான்.

"சாவித்ரி, இதுல இல்லைன்னு எழுதியிருக்கு. நம்ம ஊர்க்காரங்க, அதான் திரும்பக் கேக்கறேன். சொந்தத்துல கல்யாணமா?"

சாவித்ரிக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷமாக இந்தக் கேள்வியை யாரும் அவளிடம் தமிழில் கேட்டதில்லை.

"என் தாய்மாமன்தாம்மா அவரு. எங்கம்மாவோட தம்பி."

ராஜி திட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. மூத்த பையனைப் பற்றிக் கேட்டாள். மலேரியா இல்லை அது, இதேதான் என்று மெதுவாகச் சொன்னாள். வட்டம், சதுரம் போட்டு வம்சப் படம் வரைந்தாள், மாமனையும் மருமகளையும் இரட்டைக் கோட்டால் சேர்த்தாள். உண்மையை உண்மையென்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வீட்டுக்கு வரும் வழியில் சாவித்ரிக்கு உடம்பே லேசாக இருந்தது. உறவை மறைத்து வாழ்ந்ததற்குத் தண்டனையாக ஒரு பிள்ளை போனது, உண்மையைச் சொன்னதற்கு இந்தப் பிள்ளை பிழைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். சாமிகள் அப்படியெல்லாம் கணக்கு வைத்திருப்பதாகத்தான் நாம் நினைக்கிறோம்.

இரண்டு மாதம் கழித்துக் குழுவிலிருந்து கடிதம் வந்தது. நாலு வருஷத்துக் கேஸ் பேப்பர்களில் உறவு இல்லை என்று இருக்கிறது. ரத்தத்தோடு போன சீட்டிலும் இல்லை என்று இருக்கிறது. புதிய படிவத்தில் மட்டும் தாய்மாமன் என்று இருக்கிறது. ஆகவே ரத்தம் கொடுத்த குழந்தையும் விண்ணப்பத்தில் உள்ள குழந்தையும் ஒன்றுதானா என்பது தெளிவாக வேண்டும். பெற்றோர் உறவுக்கு அரசாங்கச் சான்று தேவை.

ராஜி தொலைபேசியில் சண்டை போட்டாள். நோய் இருக்கிறதென்று ரத்தமே சொல்லிவிட்டது, அப்பாவும் அம்மாவும் யாருக்கு யார் என்பதை வைத்தா ஊசி வேலை செய்யப்போகிறது, வேண்டுமானால் இன்னொரு முறை ரத்தம் எடுத்து அனுப்புகிறேன் என்று கேட்டாள். மறுமுனையில் இருந்தவர் மரியாதையான மனிதர். நீங்கள் சொல்வது சரிதான் டாக்டர், ஆனால் வேறொரு ஊரில் இப்படி ஒரு குளறுபடி ஆகிவிட்டது, கோப்பு முழுக்க ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பது விதி என்றார். ராஜி போனை வைத்தாள். பிறகு சாவித்ரியிடம் சொன்னாள்.

"நான் பழையபடி இல்லைன்னே எழுதியிருந்தா இந்நேரம் மருந்து வந்திருக்கும்."

பொய் நோயை மறைத்தது. உண்மை மருந்தை நிறுத்தியது. ஏழை எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டிக்கொள்ள ஒரு சுவர் கட்டி வைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

கோவிந்தராஜன் லீவு போட்டுக் குடியாத்தம் போனார். கிராம நிர்வாக அதிகாரி கோதையையும் அவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் பார்த்து, உடன்பிறந்தோர் என்று எழுதி முத்திரை குத்தினார். அது தமிழில் இருந்தது. குழுவுக்கு இங்கிலீஷ் வேண்டும், மொழிபெயர்ப்பு சரி என்று தமிழ் தெரிந்த கெஜட்டட் அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போடவேண்டும். ராஜிக்கு அந்த முத்திரை கிடையாது, அவள் வேலை தற்காலிகம். இவர்களுக்குத் தெரிந்து அப்படி ஒரே ஒருவர்தான் இருந்தார், கோவிந்தராஜனின் செக்ஷன் மேலதிகாரி. குழு கூடுவது பதினாலாம் தேதி. அன்று இரண்டாம் தேதி.

தினமும் சாயங்காலம் சாவித்ரி கேட்பாள். சார் லீவில் இருக்கிறார் என்பார். மறுநாள், சார் மீட்டிங்கில் என்பார். பதின்மூன்றாம் தேதி காலையில் டிபன் பையைக் கழுவ எடுத்தவளுக்கு, பையின் அடியில் அந்த உறை கிடைத்தது. ஓரம் முழுக்கக் குழம்புக் கறை. பதினோரு நாள் அது தொழிற்சாலைக்குள் போய்விட்டுத் திரும்பியிருக்கிறது. சார் எங்கேயும் போகவில்லை.

"எடுத்துகினுதான் போனேன் சாவித்ரி. அவரு மேசை வரைக்கும் போனேன். பக்கத்துல அந்தக் கான்பூர்க்காரன் நின்னுகினு இருந்தான்."

சாவித்ரி முந்தானையால் உறையின் கறையைத் துடைத்தாள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குப் பக்கத்தில் மங்கல் நின்றாள், அவருக்குப் பக்கத்தில் ஒரு கான்பூர்க்காரன். யார் யாரைக் கேட்பது? ஆனால் அந்த நிமிஷத்தில் அவரை அவள் வெறுத்தாள். தன்னையும் சேர்த்துத்தான்.

உறையை எடுத்துக்கொண்டு அவளே தொழிற்சாலை கேட்டுக்குப் போனாள். ஷிப்ட் மாறும் நேரம், சைக்கிள்கள் ஆறாக வெளியே வந்தன. காவல்காரன் எதற்கு என்றான். உரக்க, அவளுக்குத் தெரிந்த இந்தியில், கோவிந்தராஜன் என் புருஷன், என் அம்மாவின் தம்பி, அதற்குத்தான் சாஹேப் கையெழுத்து வேண்டும் என்றாள். இரண்டு சைக்கிள் நின்றது. நிற்கட்டும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? அதிகாரி கேட்டுக்கே வந்தார். நின்றபடியே படித்தார், தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டு முத்திரைக்கு ஆள் அனுப்பினார். எல்லாம் இரண்டு நிமிஷம்.

"கொழந்தை எப்படிம்மா இருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

உறை ஆஸ்பத்திரி ஆபீஸ் வழியாகத் தபாலில்தான் போகவேண்டுமாம், பதினேழாம் தேதிதான் பம்பாய் போய்ச் சேர்ந்தது. பதினாலாம் தேதிக் கூட்டம் ஆறு குழந்தைகளின் பெயரை எடுத்துக்கொண்டு முடிந்திருந்தது. அடுத்தது மூன்று மாதம் கழித்து. தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று நல்ல தாளில் எழுதியிருந்தார்கள்.

மண்ணீரல் இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்கக் கூடாது என்று ராஜி சொல்லி வைத்திருந்தாள். அவர்களும் காத்திருக்கவில்லை. பத்தாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை காய்ச்சல் கண்டது. ரிக்ஷாவில் மங்கல்தான் மடியில் வைத்துக்கொண்டாள். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு, பதினோரு வயது ராஜஸ்ரீ, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற அப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாள்.

"மாமா," என்று கத்தினாள் சாவித்ரி. "மாமா, போய்ட்டா மாமா."

வார்டே திரும்பிப் பார்த்தது. பூனா மண்ணை மிதித்த நாளிலிருந்து வெளியே சொல்லாத சொல். கோவிந்தராஜன் அதற்கு வாயைத் திறந்து 'உம்' என்றார், சின்ன வயதில் அவள் கூப்பிட்டால் சொல்வதுபோல.

காரியமெல்லாம் முடிந்து ஒரு நாள் மத்தியானம் சாவித்ரி மங்கலிடம் எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டில் நடந்தது முன்பே சந்துக்கு வந்திருந்தது, மங்கலுக்குத் தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் உன் முகத்தைப் பார்த்துத்தான் இல்லை என்று சொன்னேன் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. மங்கல் கையிலிருந்த கீரையைக் கீழே வைத்தாள்.

"பைத்தியமே," என்றாள் மராட்டியில். "சொல்லியிருந்தா ஒரு வாரம் உன்கூடப் பேசாம இருந்திருப்பேன். எட்டாவது நாள் வந்திருப்பேன்."

ஒரு வாரம். அவ்வளவுதான் அதன் விலை. சாவித்ரிக்கு அது எந்தத் திட்டையும்விடக் கொடுமையாக இருந்தது. இரண்டு பேரும் வாய்விட்டு அழுதார்கள். கீரை வாடியது.

இரண்டாயிரத்து மூன்றில், ராஜியின் பிரிவு மூன்று வருஷம் முடிந்து மூடப்பட்டு அவள் மெட்ராசுக்கே திரும்பிப்போன பிறகு, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமாக ஒரு கணக்கெடுப்பு வந்தது. பரம்பரை நோய்கள் எந்தெந்த வட்டாரத்தில் எத்தனை, எங்கே சிகிச்சை மையம் வைக்கலாம் என்று பார்ப்பதற்காம். நீலப் புடவையில் ஒரு பெண், கையில் படிவக் கட்டும் சாக்பீசும். சந்தின் முனையிலிருந்து வீடு வீடாக வந்தாள். மற்ற தமிழ் வீடுகளில் உறவா என்று கேட்டதற்கு இல்லை என்றுதான் பதில் வந்தது. சாவித்ரி காதால் கேட்டாள்.

தன் வீட்டுக்கு வந்ததும் அவள் கேள்விக்காகக் காத்திருக்கவில்லை. மங்கலும் தன் வாசலிலிருந்து எழுந்து வந்துவிட்டாள். சாவித்ரியின் இந்தி தடுமாறிய இடத்தில் மங்கல் மராட்டியில் எடுத்துக்கொடுத்தாள்.

"எழுது. அவன் இவளோட சொந்தத் தாய்மாமன். ரெண்டு குழந்தை, ரெண்டும் அந்த நோய். நோய் பேரு காகிதத்துல இருக்கு, கொண்டுவரச் சொல்றேன். எழுது."

அந்தப் பெண் நல்லவள்தான். பேனாவைத் திறந்து, படிவத்தை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். குழந்தைகள் எங்கே என்று கேட்டாள். மங்கல் சாவித்ரியின் கையைப் பிடித்துக்கொண்டதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. உயிரோடு இருக்கிற நோயாளிகளை மட்டும்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள், இறந்தவர்களுக்குக் கட்டம் இல்லை, உறவா என்று எல்லா வீட்டிலும் கேட்டாலும் நோயாளி இருக்கிற வீட்டின் பதிலைத்தான் எழுதவேண்டும் என்றாள். மங்கல் அவளிடம் சத்தம் போட்டாள். அவள் மன்னிப்புக் கேட்டாள், கொஞ்சம் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். போகும்போது எல்லா வீட்டுக்கும் செய்ததுபோல இந்தக் கதவின் மேல்சட்டத்திலும் சாக்பீசால் தேதி போட்டு, பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதினாள்.

சாயங்காலம் கோவிந்தராஜன் வேலையிலிருந்து வந்து கதவைப் பார்த்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். அவர் மராட்டி படிக்கக் கற்றுக்கொண்டதே இல்லை. சாவித்ரி மங்கலைப் பார்த்தாள். மங்கல் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு, விசாரித்துக்கொண்டு போனார்கள் என்று எழுதியிருக்கிறது என்றாள்.

சாவித்ரிக்கு அந்த வார்த்தை தெரியும்: நிரங்க். இருபது வருஷமாக ரேஷன் கடைப் பலகையில், சர்க்கரைக்கும் மண்ணெண்ணெய்க்கும் எதிரே படித்த வார்த்தை. அதைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவளே இப்போது இவள் முகத்தைப் பார்த்து, அது இல்லை என்கிறாள்.

"ஆமா மாமா," என்றாள் சாவித்ரி. "விசாரிச்சிட்டுப் போனாங்க."